மருந்தில்லாத புல்தரை: ஆறு வருஷக் கதை

2019 ஜூலையில் ஒரு காலை, பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்தேன். புல்லின் மேல் இரண்டு மைனாக்கள் செத்துக் கிடந்தன. ஒன்றின் அலகு பாதி திறந்திருந்தது, அலகில் மண்ணோடு ஒரு வெள்ளைப் புழு. முந்தின நாள் சாயங்காலம்தான் தோட்டக்காரர் பூச்சிமருந்துக் குருணை போட்டுவிட்டுப் போயிருந்தார். "புழு வேரைத் தின்னுதுங்க சார், ஒரு கிலோ குருணையைத் தூவித் தண்ணி விட்டா செரியாப் போயிருமுங்க" என்றார், நானும் வேறொன்றும் கேட்காமல் காசை எடுத்துக் கொடுத்தேன். வீட்டில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அந்தப் புல்லில்தான் நடை பழகிக்கொண்டிருந்தாள்.

அம்மா இரண்டையும் முறத்தில் அள்ளிக்கொண்டு போய் மாமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தார். கை கழுவிவிட்டு வந்து, "புல்லு பச்சையா இருந்து என்ன கண்ணு பண்றது" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

குப்பைக் கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். சிவப்பு முக்கோணம், மண்டையோடு, போரேட் என்ற பெயர். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து, பறவைக்கும் மனிதனுக்கும் அதே வேலையைத்தான் செய்யும். பறவைகள் செரிமானத்துக்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கும், குருணையும் பார்க்க அப்படித்தான் இருக்கிறது. போதாததற்கு விஷம் ஏறிய புழு மேலே வந்து நெளியும், அதையும் கொத்தும். போரேட்டுக்கு 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் முழுத் தடை. 2018 ஆகஸ்டில் 18 மருந்துகளுக்கு வந்த தடை உத்தரவில் இதுவும் ஒன்று, நாங்கள் போட்ட 2019இல் அந்தக் கெடு முடிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். இன்றும் கடையில் "குருணை" என்று கேட்டால் வேறு மருந்து ஏதாவது கிடைக்கும், கார்ட்டாப்பாக இருக்கலாம், பிப்ரோனிலாக இருக்கலாம். குருணை என்பது வடிவத்தின் பெயர், மருந்தின் பெயர் இல்லை. தோட்டக்காரர் குருணை என்றால் என்ன குருணை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு கோவையில் மருதமலைப் பக்கம். 2018இல் கட்டி முடித்த கையோடு முன்பக்கம் 30க்கு 20, ஆக 600 சதுர அடியில் கொரியன் புல் போட்டோம். நர்சரிக்காரர்கள் சதுரம் சதுரமாகக் கொண்டுவந்து ஒரே நாளில் பரப்பிவிட்டுப் போனார்கள். புதுமனை புகுவிழாவுக்கு வந்தவர்கள் எல்லாம் அதில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நாலு மாதத்தில் திட்டுத் திட்டாக மஞ்சள். தோட்டக்காரர் யூரியா போட்டார், ஒரு வாரம் பச்சையாகி மறுபடி மஞ்சள், மறுபடி யூரியா. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஈரப் புல்லில் கையால் அள்ளி வீசினால் விழுந்த இடமெல்லாம் கருகும், எங்கள் புல்லில் அவர் கை வீசிய வீச்சே கோடு கோடாகத் தெரிந்தது. அப்புறம் புழு, புழுவுக்குக் குருணை, மேலே சொன்ன மைனாக்கள்.

மைனா சம்பவத்துக்குப் பிறகு குருணையை நிறுத்தினேனே தவிர மற்றதெல்லாம் அப்படியேதான் நடந்தது. நிஜமான மாற்றம் 2020 மார்ச்சில் ஊரடங்கால் வந்தது. தோட்டக்காரர் வர முடியாது, உரக்கடைக்குப் போகும் யோசனையும் இல்லை. மூன்று மாதம் யாரும் எதுவும் போடவில்லை. புல் செத்துவிடும் என்று நினைத்தேன், சாகவில்லை. களை ஏறியது உண்மைதான், ஆனால் புல்லின் நிறம் முன்பைவிட மோசமாகவில்லை. அப்படியானால் இத்தனை நாள் நாம் போட்டதெல்லாம் எதற்கு என்று ஒரு சந்தேகம் வந்தது. வீட்டிலேயே அடைந்து கிடந்த நேரம் வேறு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

மூன்று விரல் ஆழத்தில் "டங்" என்றது. தோண்டிப் பார்த்தால் செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு, காய்ந்துபோன சிமெண்ட் கட்டி. வீடு கட்டும்போது மிஞ்சிய ரப்பீஸை எல்லாம் முன்னால் நிரவி, அதன் மேல் இரண்டு அங்குலம் மண்ணும் சாணியும் போட்டுப் புல்லைப் பரப்பியிருக்கிறார்கள். அந்த இரண்டு அங்குலத்தில்தான் புல் இத்தனை நாள் குடித்தனம் நடத்தியிருக்கிறது! சதுரம் பரப்பும் அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும், அன்று நான் சமையல்காரரிடம் இலை எண்ணிக்கை பேசிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். நாலு அங்குல பிவிசி பைப்பில் ஒரு முழம் வெட்டி, மண்ணில் இரண்டு அங்குலம் அடித்து இறக்கி, உள்ளே ஓர் அங்குல உயரம் தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பாருங்கள். மண் காய்ந்திருந்தால் முதல் தடவை ஊற்றியதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டாம் தடவை பாருங்கள். எனக்கு அன்றைக்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது. போன மாதம் அதே இடத்தில் பதினான்கு நிமிடம். மண் நல்லபடியாகிறதா இல்லையா என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே அத்தாட்சி இந்தப் பைப் துண்டுதான், புல்லின் நிறத்தை நம்புவதை விட்டுவிட்டேன். யூரியா போட்டால் எந்தப் புல்லும் ஒரு வாரத்துக்குப் பச்சையாகத்தான் இருக்கும்.

மொத்தத்தையும் தோண்டித் திரும்பப் போட உடம்பிலும் பையிலும் தெம்பில்லை. ரொம்ப மோசமான ஒரு 200 சதுர அடியை மட்டும் முக்கால் அடி ஆழத்துக்கு வெட்டி, ரப்பீஸை அள்ளி, செம்மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, அதே புல்லைக் கிள்ளி நட்டேன். மீதி 400 சதுர அடியில் சின்னக் கடப்பாரையால் அரை அடிக்கு ஒரு குத்து. மழை பெய்த மறுநாள் குத்த வேண்டும். காய்ந்த மண்ணில் குத்தினால் தோள்பட்டைதான் போகும், சேற்றில் குத்தினால் துளையின் சுவர் பூசினமாதிரி இறுகிவிடும். குத்திய பிறகு சலித்த மண்புழு உரம், செம்மண், கழுவிய எம் சாண்ட் மூன்றையும் கலந்து மேலே தூவி, தென்னந்துடைப்பத்தால் துளைக்குள் தள்ளினேன். கால் அங்குலக் கனம்தான், புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். கால் அங்குலம் என்றால் ஏதோ ஒரு கூடை போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 600 சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டரை கன அடி, கிட்டத்தட்ட 350 லிட்டர். சிமெண்ட் சாக்கில் பத்து சாக்கு. முதல் வருஷம் இரண்டு தடவை, அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் சாரல் தொடங்கும்போது.

இனி புழுக் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மருந்துக்கடைக்கு ஓட வைப்பது பெரும்பாலும் இதுதான். வெள்ளைப் புழு, வேர்ப்புழு என்பார்கள். 'சி' வடிவில் சுருண்டு கிடக்கும், தலை மட்டும் பழுப்பு. பழுப்பு நிற வண்டு ஒன்றின் குழந்தைப் பருவம் அது. சித்திரை, வைகாசியில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் அன்றைக்கோ மறுநாளோ பொழுது சாயும் நேரத்தில் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பும். வேப்பமரம், முருங்கை மரத்தில் உட்கார்ந்து இலையைத் தின்னும், விளக்கைக் கண்டால் சுற்றும், விடிவதற்குள் மண்ணுக்குள் போய்விடும், முட்டையும் அங்கேதான். பாதி மக்கிய சாணம் இருக்கிற மண் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். புல்லுக்கு அடியில் பச்சைச் சாணியைப் பரப்பியிருந்தார்கள். புல்லை அழகாகக் காட்ட நான் நாலு மூலையிலும் வெள்ளை ஃபோகஸ் லைட் போட்டு இரவு பன்னிரண்டு வரை எரியவிட்டேன். தெருவில் எங்கள் வீட்டு வாசலில்தான் பெரிய வேப்பமரம். பந்தி விரித்து, விளக்கேற்றி, வாசலில் நின்று வரவேற்றுவிட்டு, வந்தவர்களுக்கு விஷம் வைத்திருக்கிறேன்.

லைட்டை முதலில் பிடுங்கினேன். கோடை மழைக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் ராத்திரி ஏழரை மணிக்கு வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துக் கிளையை உலுக்குவோம், விழுகிற வண்டுகளைப் பொறுக்கி சோப்புத் தண்ணீர் வாளியில் போடுவோம். மகளுக்கு இது வருஷத் திருவிழா. 2021இல் ஒரே ராத்திரியில் அரை வாளி, இந்த வருஷம் எண்ணினால் நாற்பது தேறவில்லை. அதோடு மெட்டாரைசியம் என்ற பூஞ்சாணத்தால் ஆன மருந்து ஒன்று இருக்கிறது, உயிர் உரக் கடைகளில் தூளாகக் கிடைக்கும். புழுவின் உடம்பில் முளைத்து அதைக் கொல்லும், செத்த புழு பச்சைப் பொடி பூசினமாதிரி ஆகிவிடும். அதை நன்றாக மக்கிய எருவில் கலந்து நிழலில் ஈரமாக ஒரு வாரம் வைத்திருந்து, சாயங்காலத்தில் தூவித் தண்ணீர் விட வேண்டும். வெயிலில் தூவினால் காசு வீண், நான் முதல் தடவை நண்பகலில் தூவினேன். குருணை மாதிரி இரண்டு நாளில் வேலை செய்யாது, ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுக்க வேண்டும்.

புல் மஞ்சளானாலே புழு என்றும் முடிவு கட்ட வேண்டாம். ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று பக்கம் வெட்டிப் புத்தகத்தின் அட்டையைத் திறப்பதுபோலப் புல்லைப் புரட்டி, அடியில் எண்ணிப் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள், அது மைனாக்களின் பங்கு. எட்டு, பத்து என்று இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். புழு தின்ற இடத்தில் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி கையோடு வந்துவிடும், வேர் இருக்காது. இழுத்தும் வரவில்லை என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

என் விஷயத்தில் அந்த வேறு காரணம் பெரும்பாலும் தண்ணீர். முன்பு தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நிற்பேன், அதுதான் என் தியானம் என்று பெருமை வேறு. வாளியில் பிடித்து அளந்து பார்த்தால் நிமிடத்துக்கு 25 லிட்டர், ஒரு நாளைக்கு 500, வாரத்துக்கு 3,500 லிட்டர். போர்வெல் தண்ணீர். தினமும் மேலாக நனைத்தால் வேர் ஏன் கீழே போகப் போகிறது? இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை, விடிகாலையில், தடவைக்கு அரை அங்குலம். அது எங்கள் அளவுக்கு 700 லிட்டர், வாரத்துக்கு 1,400. நேர் சுவர் உள்ள நாலு டிபன் டப்பாவைப் புல்லில் அங்கங்கே வைத்துவிட்டுத் தண்ணீர் விட்டால் அரை அங்குலம் எப்போது நிறைகிறது, எந்த மூலைக்குப் போகவே இல்லை என்று தெரிந்துவிடும். தினசரியிலிருந்து இதற்கு ஒரே நாளில் தாவக் கூடாது. நான் ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்டினேன். புல்லுக்குத் தாகம் எடுத்தால் அதுவே சொல்லும், இலை நீளவாக்கில் மடியும், நிறம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், நடந்தால் கால் தடம் எழும்பாமல் அப்படியே கிடக்கும். மழை வாரத்தில் குழாயைத் தொடுவதில்லை.

சாயங்காலத் தண்ணீரை நிறுத்தியதில் இன்னொரு லாபம். ஐப்பசி மழையில் வட்ட வட்டமாகப் பழுப்பு விழும், பூஞ்சாண நோய். ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் அதற்கு வசதி. யூரியா போட்டுத் தளதளவென்று வளர்ந்த புல்லில்தான் அது வேகமாகப் பரவியது. இப்போது எருவோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சாணத்தைக் கலந்து போடுகிறேன், வட்டம் தெரிந்தால் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாத் தூளை லிட்டருக்கு 10 கிராம் கரைத்துத் தெளிக்கிறேன். புளித்த மோரும் தெளித்துப் பார்த்தேன், என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, எறும்பு வந்ததுதான் மிச்சம்.

வெட்டுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஒட்ட வெட்டினால் நாள்பட நிற்கும் என்று சலூன் கணக்கு போடாதீர்கள். இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுத்தால் புல் வேரைக் கைவிட்டு இலையைக் காப்பாற்றப் பார்க்கும். நான் ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. உயரமான புல் தரைக்கு நிழல் கொடுக்கும், களை விதை முளைக்க வெளிச்சம் கிடைக்காது. பிளேடு மழுங்கியிருந்தால் நுனி கிழிந்து இரண்டு நாளில் வெளுத்துப் போகும், அதையும் நோய் என்று நினைத்து ஒரு தடவை மருந்து வாங்கியிருக்கிறேன். வெட்டிய துணுக்கை அள்ளிக் குப்பையில் போடாமல் அப்படியே விட்டுவிடுகிறேன், சன்னமாக இருந்தால் வாரத்தில் மக்கி உரமாகிவிடும்.

உரம் என்று தனியாகப் போடுவது அந்த மண்புழு உரக் கலவையும், வருஷத்துக்கு இரண்டு தடவை 5 கிலோ வேப்பம் புண்ணாக்கும். புண்ணாக்கு நைட்ரஜன் கரைந்து ஓடுவதைத் தாமதப்படுத்தும், அரசே 2015 முதல் யூரியாவுக்கு வேம்பு பூசித்தான் விற்கச் சொல்கிறது. ஒரு வாரம் வாசலில் வாடை இருக்கும், விருந்தாளி வரும் வாரமாகப் பார்த்துப் போடாதீர்கள். ஜீவாமிர்தம் என்கிற சாணக் கரைசலும் செய்தேன். வழக்கமான 200 லிட்டர் கணக்கைப் பத்தில் ஒன்றாகக் குறைத்து, 20 லிட்டர் வாளியில் ஒரு கிலோ நாட்டு மாட்டுச் சாணம், ஒரு லிட்டர் கோமியம், வெல்லமும் கடலை மாவும் இருநூறு இருநூறு கிராம், ஒரு பிடி மண். இரண்டு நாள் நிழலில் வைத்து, காலையும் மாலையும் கலக்கி, பத்து மடங்கு தண்ணீரில் ஊற்ற வேண்டும். நான் மூடியை இறுக்கிவிட்டு ஊருக்குப் போய் ஐந்தாம் நாள் வந்து திறந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனுங்க தம்பி, செப்டிக் டேங்க் ஏதாச்சும் உடைஞ்சுருச்சுங்களா" என்று கேட்டார்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்த்ததில் கார அமில நிலை 8.3 வந்தது. அதாவது கார மண். கோவையில் சுண்ணாம்பு கலந்த சுக்கான் மண்ணுக்கு இது அதிசயம் இல்லை. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் அடுப்புச் சாம்பலைத் தூவச் சொன்ன உறவினரின் யோசனையைக் கைவிட்டேன். சாம்பல் காரத்தை இன்னும் ஏற்றும், இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் புல்லுக்கு எட்டாது, நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் வரும் இளம் இலை அதன் அடையாளம். கேரளப் பக்கம் அமில மண் உள்ளவர்களுக்குச் சாம்பல் சரியாக இருக்கலாம். யோசனை கேட்பதற்கு முன்னால் மண்ணைக் கேட்டுவிடுங்கள்.

களையில் என்னை அழவைத்தது கோரை. முக்கோணத் தண்டு, பிடுங்கினால் மேலே உள்ளது கையோடு வரும், அடியில் கிழங்கு ஜம்மென்று இருக்கும், ஒன்றோடு ஒன்று நூல் மாதிரி கோத்துக்கொண்டு. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கச் சொன்னார்கள், அது புல்லையும் சேர்த்து எரிக்கும். தண்ணீர் விட்ட மறுநாள் நீளமான ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் இறக்கி நெம்பினால் கிழங்கோடு வரும். தினமும் பத்து நிமிடம், காபி குடிக்கும் நேரத்தில். மூன்று வருஷம் ஆனது, இன்னும் முழுதாகப் போகவில்லை. முதல் வருஷக் கிழங்கை எல்லாம் அம்மா குப்பையில் போடச் சொன்னார், "விசம் குடிச்ச மண்ணு அது". 2022இலிருந்து கழுவிக் காய வைத்துக் குளியல் பொடிக்கு அரைக்கிறார். கீழாநெல்லி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை என்று வந்ததில் பாதிக்கு அம்மாவிடம் ஒரு உபயோகம் இருக்கிறது, அவற்றைப் பிடுங்க என்னை விடுவதும் இல்லை.

மாமரத்தடியில் மட்டும் தோற்றுவிட்டேன். கொரியன் புல்லுக்கு வெயில் வேண்டும், நிழலில் மூன்று தடவை நட்டு மூன்று தடவையும் போனது. மரத்தை ஒட்டி நல்ல நிழல் உள்ள இடத்தை உதிர்கிற மாவிலைக்கே விட்டுவிட்டேன். பாதி வெயில் விழும் ஓரத்தில் வாய்க்கால் கரையிலிருந்து பொடுதலையைக் கொண்டுவந்து நட்டோம், தானாகப் படர்ந்தது, வெட்டவே வேண்டாம், குட்டி குட்டியாக வெளிர் ஊதாப் பூ. பூவுக்குத் தேனீ வரும், வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைகள் இருந்தால் அதைக் கவனத்தில் வையுங்கள். தலைப்பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுகிறேன் என்று அதற்கும் அம்மா போட்டி.

தோட்டக்காரர் இப்போதும் மாதம் ஒரு தடவை வருகிறார், வெட்டவும் கடப்பாரை குத்தவும். முதலில் "இதெல்லாம் ஆவறதில்லைங்க" என்றார். இந்த ஆவணியில் பைப் துண்டை நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவரே குத்த வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மைனாக்கள் திரும்பி வர ஒன்றரை வருஷம் பிடித்தது. இப்போது கொண்டலாத்தி ஒன்று காலையில் வந்து நீள அலகால் மண்ணைக் குத்திக் குத்திப் புழு எடுக்கிறது. அது குத்தும் துளைகள் என் கடப்பாரைத் துளைகளைவிட ஒழுங்காக இருக்கின்றன.

கேட்டுக்குப் பக்கத்தில் கார் திரும்பும் இடத்தில் மட்டும் இந்த வருஷமும் புல் பிடிக்கவில்லை. அங்கே கடப்பாக் கல் பதித்துவிடலாம் என்கிறாள் மனைவி. இன்னொரு மழை பார்க்கலாம் என்று நான் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.